எக்ஸ் என்க

சுமார் 3,800 வருடங்களுக்கு முன்னால், இன்றைக்கு இராக் என்று நாம் சொல்கிற பகுதியில், ஒருவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். எடை போடவில்லை. அதன் எடையில் ஏழில் ஒரு பங்கை அதோடு சேர்த்தார். அப்போதும் எடை போடவில்லை. வந்த மொத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்கை மேலும் சேர்த்தார். அதற்குப் பிறகுதான் வீட்டில் தராசு இருப்பது ஞாபகம் வந்தது. நிறுத்துப் பார்த்தால் சரியாக ஒரு மினா. அப்படியானால் முதலில் கல்லின் எடை என்ன?

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எடையே தெரியாத கல்லின் எடையில் ஏழில் ஒரு பங்கை இந்த மனிதர் எப்படி அளந்தார்? அன்றைக்கு எந்தப் பையனாவது இதைக் கேட்டிருந்தால் களிமண் பலகையும் கையுமாக வகுப்புக்கு வெளியே நின்றிருப்பான். இந்தக் கணக்கு எழுதிய பலகை இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதே பலகையில் இதேபோல இன்னும் சில கணக்குகள் உண்டு. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் கல்லைக் கண்டெடுக்கிறார், எடை போடாமல் விடுகிறார். ஆள் திருந்தவே இல்லை. ஒரு மினாவுக்கு 60 ஷெக்கல். அந்தக் கணக்கில் விடை 48 ஷெக்கலும் எட்டில் ஒரு பங்கும். விடையை எழுதி வைத்தவர், அது எப்படி வந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குத் தனியாக டியூஷன் வைத்திருந்தார் போலிருக்கிறது.

வார்த்தைக் கணக்கு பிறந்தபோதே இந்தக் குணத்தோடுதான் பிறந்தது. கேட்கிறவருக்கு விடை தெரியும். தெரிந்த விடையைக் கல்லுக்குள், ஆட்டுக்குள், தேனீக்குள், செத்துப்போன அப்பாவின் உயிலுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு நம்மிடம் நீட்டுவார். அரண்மனைக் கணக்கெழுதப் பழகிய பையன்களுக்காக எழுதப்பட்டவை இவை. ஆனால் எந்த அரண்மனைக் களஞ்சியத்திலும் இப்படி ஒரு கல் வந்து யாரையும் வாட்டியதில்லை. "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது" என்பதைக் கதையாகச் சொல்வதுதான் விஷயம். நாலாயிரம் வருடமாகச் சமன்பாடு செய்து வருவது, அந்தக் கதையைக் கழற்றி எறிந்து, வாத்தியார் ஒளித்த எண்ணைக் காதைப் பிடித்து வெளியே இழுத்து வருவது.

பாபிலோன்காரர்களிடம் இன்னொரு துணிச்சல் இருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு பலகையின் முதல் கணக்கு: என் சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினேன், முக்கால் வந்தது. பரப்பையும் நீளத்தையும் கூட்டுவதாவது! நம்மூர் சார்பதிவாளர் ஆபீசில் போய், "என் மனை ரெண்டு கிரவுண்டு, முன்பக்கம் நாற்பது அடி, மொத்தம் நாற்பத்திரண்டு" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஆசாமி அசரவில்லை. பக்கத்தோடு ஒன்று அகலமுள்ள ஒரு பட்டையை ஒட்டினார். பட்டையில் பாதியை வெட்டி இன்னொரு பக்கத்தில் வைத்தார். மூலையில் விழுந்த கால் அளவு ஓட்டையை அடைத்தார். முக்காலும் காலும் ஒன்று. ஒன்றுக்கு வர்க்கமூலம் ஒன்று. அதில் ஒட்டிய அரையைக் கழித்தால் பக்கம் அரை. நாம் ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து பத்தாம் வகுப்பில் மறந்த வர்க்கப்பூர்த்தி முறை இதுதான். அவருக்கு அது தையற்காரர் வேலை. இந்தக் கூட்டலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 3,400 வருடம் கழித்து ஒரு பிரெஞ்சு வக்கீல் இதற்காக முகம் சுளிக்கப் போகிறார்.

எகிப்துக்காரர்கள் நிதானமானவர்கள். கி.மு. 1550 வாக்கில் அஹ்மெஸ் என்ற எழுத்தர் ஒரு பழைய சுவடியைப் பார்த்துப் பிரதி எடுத்தார். பிரதி எடுத்தேன் என்று அவரே எழுதியும் வைத்தார். இந்த நேர்மை பின்னால் வந்த கைடு ஆசிரியர்கள் யாரிடமும் கிடையாது. அதில் ஒரு கணக்கு: ஒரு குவியலும் அதில் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19. அஹ்மெஸ் மூளையைக் கசக்கவே இல்லை. குவியல் 7 என்று வைத்துக்கொண்டார். ஏழும் ஒன்றும் எட்டு. வேண்டியது 19. அப்படியானால் எட்டை 19 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ, அத்தனை மடங்கு ஏழையும் பெருக்கு. விடை 16, அதோடு ஒரு அரை, ஒரு அரைக்கால். தப்பான விடையில் ஆரம்பித்துச் சரியான விடையில் முடிப்பது ஒரு முறையாகவே இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஓடியது. அதே சுவடியில் ஏழு வீடு, வீட்டுக்கு ஏழு பூனை, பூனைக்கு ஏழு எலி, எலிக்கு ஏழு கதிர், கதிருக்கு ஏழு படி தானியம் என்று ஒரு பட்டியல் வருகிறது. எல்லாவற்றையும் கூட்டி 19,607 என்று கடைசியில் போட்டிருக்கிறார். 19,607 என்ன? வீடா, பூனையா, தானியமா? கேட்காதீர்கள்.

கிரேக்கர்கள் பக்கம் அதிகம் நிற்க வேண்டாம். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டயோபேண்டஸ், தெரியாத எண்ணுக்கு ஒரு குறியைப் போட்டு எழுதியவர். அந்த ஒரு புண்ணியத்துக்கு அவரை நன்றாக நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. அவர் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது ஒரு கல்லறைப் புதிர்தான். ஆறில் ஒரு பங்கு பிள்ளைப் பருவம், பன்னிரண்டில் ஒரு பங்கு போனதும் தாடி, ஏழில் ஒரு பங்கு போனதும் கல்யாணம், ஐந்து வருடத்தில் மகன். அப்பா வாழ்ந்ததில் பாதி வயதில் மகன் சாக, நாலு வருடம் கழித்து அப்பாவும் போனார். வயது 84. 42 வயது மகனைப் பறிகொடுத்த கிழவரின் துக்கத்தை மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்கப் பயன்படுத்திய ஜனங்கள் இவர்கள். அப்பா வயது, மகன் வயது கணக்குகளின் மூதாதை இதுதான். நம் பாடப்புத்தகத்தில் அப்பாக்கள் சாவதில்லை. ஐந்து வருடம் கழித்து மகனைப் போல மூன்று மடங்கு ஆவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சீனாவில் சுன்ஸி என்பவர் பெயரில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டுக்குள் எழுதப்பட்டது. ஒரே கூண்டில் காட்டுக்கோழியும் முயலும். தலை 35, கால் 94. எத்தனை கோழி, எத்தனை முயல்? கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற 94 கால்களைத் தப்பில்லாமல் எண்ண முடிந்த ஒருவருக்கு, முயலுக்குக் காது நீளம் என்பது மட்டும் கண்ணில் படவில்லை. ஆனால் சுன்ஸி சொல்லும் வழி அழகு. காலைப் பாதியாக்கு: 47. தலையைக் கழி: 12. அதுதான் முயல். மிச்சம் 23 கோழி. கோழிகள் ஒற்றைக் காலிலும் முயல்கள் பின்னங்கால்களிலும் நிற்பதாக வைத்துக்கொண்டால் புரிந்துவிடும். தலைகளின் எண்ணிக்கைக்கு மேல் மிஞ்சுகிற ஒவ்வொரு காலும் ஒரு முயலைக் காட்டிக்கொடுக்கிறது. மாறியும் வேண்டாம், சமன்பாடும் வேண்டாம்.

இதே புத்தகத்தில்தான் உலகமே இன்று சீன மீதித் தேற்றம் என்று மரியாதையாகச் சொல்லும் சங்கதியும் இருக்கிறது. மூன்றால் வகுத்தால் 2 மீதி, ஐந்தால் வகுத்தால் 3 மீதி, ஏழால் வகுத்தால் 2 மீதி, எண் எது? 23. இவ்வளவு பெரிய மூளை அடுத்து எங்கே போகிறது தெரியுமா? புத்தகத்தின் கடைசிக் கணக்குக்குப் போகிறது. கர்ப்பிணிக்கு வயது 29, மாதம் ஒன்பது. பிறக்கப் போவது ஆணா, பெண்ணா?

வழிமுறை இதோ. 49 வைத்துக்கொள். மாதத்தைக் கூட்டு. அம்மாவின் வயதைக் கழி. பிறகு வானத்துக்காக 1, பூமிக்காக 2, மனிதனுக்காக 3, பருவங்களுக்காக 4, பஞ்சபூதங்களுக்காக 5 என்று கழித்துக்கொண்டே போ. மிஞ்சுவது ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 49ஓடு 9 சேர்த்து 29 கழித்தால் 29. ஒன்றிலிருந்து ஏழு வரை கழித்தால் 28 போய் 1 மிச்சம். விடை: ஆண் குழந்தை. எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதியிருக்கிறார். 49 எங்கிருந்து வந்தது என்றோ, இரட்டைப் பிள்ளை பிறந்தால் எந்தப் படை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. நம்மூர் ஸ்கேன் சென்டர் வாசலில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையை இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் மாட்டலாம்.

நம் நாட்டுக் கணக்கர்களுக்கு முயலும் கோழியும் போதவில்லை. அவர்களுக்குக் கொஞ்சம் சிருங்காரம் வேண்டியிருந்தது. 9ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் கணிதசாரசங்கிரகம் எழுதிய மகாவீரர் ஒரு சமணர். பற்றறுக்கச் சொல்லும் மதம். அவர் கொடுக்கும் கணக்கில் ஒரு வசந்தகால இரவு, மாளிகைத் தோட்டம், ஊடல், அறுந்து சிதறும் முத்துமாலை. மூன்றில் ஒரு பங்கு பணிப்பெண் பக்கம் போனது, ஆறில் ஒரு பங்கு படுக்கையில் விழுந்தது, மீதியில் பாதி, அதில் பாதி என்று ஆறு தடவை சிதறியது, 1,161 முத்து கோத்தபடியே நின்றது. மாலையில் மொத்தம் எத்தனை முத்து? போட்டுப் பார்த்தால் 1,48,608 வருகிறது. ஒரு முத்து கால் கிராம் என்றாலும் 37 கிலோ. ஊடலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். கழுத்தில் ஒரு சிமெண்டு மூட்டையை மாட்டிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? இந்தப் புத்தகத்தைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. நம் அரசு அச்சகத்தில் ஒரு சிருங்கார இரவு அச்சேறியது கணக்குப் புத்தகத்தின் புண்ணியம்.

1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். மகளுக்குக் கல்யாண முகூர்த்தம் பார்க்க நீர்க்கடிகாரம் வைத்தார், அவள் குனிந்து பார்த்தபோது நகையிலிருந்து ஒரு முத்து விழுந்து துளையை அடைத்தது, முகூர்த்தம் தவறியது, ஆறுதலாக மகள் பெயரில் கணக்குப் புத்தகம் எழுதினார். 1587இல் அக்பர் அவைக் கவிஞர் ஃபைஸி பாரசீகத்தில் மொழிபெயர்த்தபோது சொன்ன கதை இது. பாஸ்கரர் போய் நானூறு வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு ஆறுதலாகப் பின்னக் கணக்கு கொடுக்கிற அப்பா நிஜத்தில் இருந்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு நம் அனுதாபம்.

புத்தகத்தில் தேனீக்கள் கடம்பம்பூவுக்கும் மற்றப் பூக்களுக்கும் பங்கு போட்டுப் பறக்கின்றன. கடைசியில் ஒன்று மட்டும் இரண்டு வாசனைகளுக்கு நடுவில் போக வழி தெரியாமல் சுற்றுகிறது. மொத்தம் 15. அந்த ஒற்றைத் தேனீதான் மாணவன் என்று எனக்கு ஒரு சந்தேகம். எனக்குப் பிடித்தது அர்ஜுனன் கணக்கு. கர்ணனைக் கொல்ல அவன் எடுத்த அம்புகளில் பாதி, கர்ணன் விட்ட அம்புகளைத் தடுக்கப் போனது. மொத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல நாலு மடங்கு, குதிரைகளுக்கு. ஆறு அம்பு சல்லியனுக்கு. மூன்றால் குடை, கொடி, வில். ஒன்றால் தலை. அம்புகள் எத்தனை? நூறு. எதிரே கர்ணன், பக்கத்தில் கண்ணன், பதினெட்டு நாள் சண்டையின் பதினேழாம் நாள். அந்த நேரத்தில் அர்ஜுனன் தூணியில் கைவிட்டு வர்க்கமூலம் பார்க்கிறான். 99 அம்பு கொண்டுவந்திருந்தால் மகாபாரதமே நின்றுபோயிருக்கும். சிவாஜி கணேசன் மார்பில் அம்போடு சாய்ந்து கிடக்கும் காட்சியில் அழுத யாரும் அது முழு வர்க்கத்தின் விளைவு என்று நினைத்திருக்க மாட்டோம்.

ஆனால் கேலியை நிறுத்திவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். கதையைக் கழற்றும் வேலையில் இவர்கள் கில்லாடிகள். 628லேயே பிரம்மகுப்தர் தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயர் வைத்தார். பாஸ்கரர் காலத்தில் முதல் தெரியாத எண் யாவத்தாவத், அடுத்தது காளகம், பிறகு நீலகம், பீதகம். எழுதும்போது யா, கா, நீ, பீ என்று முதல் எழுத்து மட்டும். கறுப்பு, நீலம், மஞ்சள். பூவும் முத்தும் அம்பும் ஒரே வரியில் சாயப்பட்டறைப் பட்டியலாக மாறிவிடும். கடனை எதிர்மறை எண் என்று ஒப்புக்கொள்ளவும் இவர்கள் வெட்கப்படவில்லை. ஐரோப்பா அதற்கு இன்னும் ஆயிரம் வருடம் கூச்சப்படவிருந்தது.

தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் நேரெதிர். பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல வேண்டுமா? காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. கதை இல்லை, ஊடல் இல்லை, சூத்திரம் மட்டும். 50 முள் என்றால் 60 சுளை. பண்ருட்டிச் சந்தையில் உட்கார்ந்து முள் எண்ணிக்கொண்டிருந்தால் வியாபாரி என்ன சொல்வார் என்பது வேறு கணக்கு.

இதற்கிடையில் ஐரோப்பா இருண்டு கிடந்தது என்பார்கள். அவ்வளவு இருட்டில்லை, ஒரு நத்தை தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தது. சார்லமேன் அவையிலிருந்த ஆல்குயின் தொகுத்ததாகச் சொல்லப்படும் புதிர்களில், ஒரு தகைவிலான் குருவி ஒரு லீக் தூரத்தில் இருந்த நத்தையை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறது. நத்தை நாளுக்கு ஒரு அங்குலம் நகரும். எப்போது போய்ச் சேரும்? 246 வருடம் 210 நாள். விடையை மிகவும் அக்கறையோடு கடைசி நாள் வரை சுத்தமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சாம்பார் ஆறியிருக்குமா என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

இத்தனை வெட்டிக் கணக்குகளுக்கு நடுவில், நிஜமாகவே பிரச்சினை இருந்த ஒரே ஊர் பாக்தாத். 820ஐ ஒட்டிய வருடங்களில், கலீஃபா அல்-மாமூன் காலத்தில், அல்-குவாரிஸ்மி இயற்கணிதத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். எக்ஸ் கிடையாது, கூட்டல் குறி கிடையாது. எண்களைக்கூட வார்த்தையில் எழுதினார். ஒரு வர்க்கமும் பத்து மூலமும் முப்பத்தொன்பது திர்ஹமுக்குச் சமம் என்று பேச்சாகவே போகும், விடை மூன்று. புத்தகத்தின் முதல் பகுதியைத்தான் உலகம் கொண்டாடுகிறது. மறுபாதி முழுவதும் பாகப்பிரிவினை என்பதை மரியாதை கருதி யாரும் சொல்வதில்லை. இஸ்லாமியச் சட்டப்படி யாருக்கு எத்தனையில் ஒரு பங்கு என்று முன்பே தீர்மானமாகியிருந்தது. செத்தவர் உயிலில் வேறு விதமாக எழுதிவிட்டால் எல்லாம் பின்னத்துக்குள் பின்னமாகிவிடும். காஜியார் தலையைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு உதவத்தான் அந்தப் பாதி.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் இறந்துவிட்டாள். கணவன், ஒரு மகன், மூன்று மகள்கள். சொத்தில் எட்டில் ஒரு பங்கும் ஏழில் ஒரு பங்கும் அந்நியர் ஒருவருக்கு என்று எழுதி வைத்திருக்கிறாள். அல்-குவாரிஸ்மி சலனமில்லாமல் பிரிக்கிறார். உயிலுக்குப் போனது போக மிஞ்சுவதில் கால் பங்கு கணவனுக்கு; மிச்சத்தில் மகனுக்கு மகளைப் போல இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் 1,120 பங்காக்கினால் அந்நியருக்கு 300, மகனுக்கு 246, கணவனுக்கு 205, மகள்களுக்கு ஆளுக்கு 123. கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதக் கூடாது என்ற சட்டத்துக்குள்ளும் அடங்குகிறது.

எல்லாம் சரி. யார் அந்த அந்நியர்? கணவனைவிட 95 பங்கு அதிகமாக வாங்கிக்கொண்டு போகிறாரே! கதை இங்கே ஆரம்பிக்கிறது, அல்-குவாரிஸ்மி அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். நம் தொலைக்காட்சிக்காரர்கள் கையில் இந்தக் கணக்கு கிடைத்திருந்தால் ஆயிரம் எபிசோடு ஓட்டியிருப்பார்கள். இயற்கணிதத்தின் கல் மனசு எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். அந்நியர் என்றால் 56இல் 15. அவ்வளவுதான்.

பீசா நகரத்து ஃபிபோனாச்சி 1202இல் எழுதிய புத்தகத்தில் முயல்களைப் பெருகவிட்ட கதை ஊருக்கே தெரியும். அவர் ஒரு சிங்கத்தையும் 50 சாண் ஆழக் குழியில் போட்டார். பகலில் சாணில் ஏழில் ஒரு பங்கு ஏறும், இரவில் ஒன்பதில் ஒரு பங்கு சறுக்கும். 1,575 நாளில் வெளியே வரும் என்றார். கடைசி நாள் விளிம்பைத் தொட்ட சிங்கம் திரும்ப இரவுக்குச் சறுக்காது என்பதை மறந்துவிட்டார். அது 1,572ஆம் நாளே வெளியே வந்துவிடும். பீசாவில் மூன்று நாள் சிங்கம் தெருவில் திரிந்துகொண்டிருந்தது, ஃபிபோனாச்சி இன்னும் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1535இல் இத்தாலியில் கணக்கே மல்யுத்தமானது. ஃபியோர் என்பவர் தார்த்தாலியாவுக்கு 30 கணக்கு கொடுத்தார், தார்த்தாலியா அவருக்கு 30. பந்தயம் முப்பது விருந்து. ஃபியோரிடம் ஒரே ஒரு ரகசியச் சூத்திரம்தான் இருந்தது, குருநாதர் கொடுத்துவிட்டுப் போனது. ஆகவே முப்பது கணக்கும் அதே முப்படிச் சமன்பாடு, முப்பது வேஷத்தில். ஒருவன் நீலக்கல்லை 500 டுகாட்டுக்கு விற்கிறான். லாபம், முதலின் கனமூலம். எந்தச் செட்டியார் கனமூலம் பார்த்து லாபம் வைப்பார்? வேஷத்தைத் தார்த்தாலியா கண்டுகொண்டதும் முப்பதும் ஒரே மூச்சில் விழுந்தன. விருந்து மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். ஃபியோரோடு முப்பது வேளை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் பார்த்திருப்பார்.

குறிகள் இதற்குப் பிறகுதான் வேகமாக வந்தன. 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் சமக்குறியைப் போட்டார்: ஒரே நீளத்தில் இரண்டு கோடு, இதைவிடச் சமமான இரண்டு பொருள் உலகில் கிடையாது என்று. பிறகு ஒரு பிரபு மேல் புகார் சொல்லப்போய், பிரபு அவதூறு வழக்குப் போட, ஆயிரம் பவுண்டு நஷ்டஈடு கட்ட முடியாமல் 1558இல் சிறையிலேயே செத்தார். சமக்குறியின் தகப்பனுக்குச் சொந்தக் கணக்கு சமமாகவில்லை.

1591இல் ஃபிரான்சுவா வியட் தெரியாத எண்ணுக்கு உயிரெழுத்து, தெரிந்த எண்ணுக்கு மெய்யெழுத்து என்று வகுத்தார். தொழிலில் வக்கீல். ஸ்பெயின் மன்னரின் ரகசியக் கடிதங்களை இவர் உடைத்துப் படிக்க, மன்னர் இது பில்லிசூனியம் என்று போப்பாண்டவரிடம் புகார் செய்தார். இத்தனை கெட்டிக்காரரின் சட்டம் ஒன்று: நீளத்தோடு நீளத்தைக் கூட்டு, பரப்போடு பரப்பைக் கூட்டு, சாதிவிட்டுச் சாதி கலக்காதே. பாபிலோன்காரர் கூட்டிய முக்காலுக்கு இவர் கோர்ட்டில் இடமில்லை. 1637இல் டெகார்த் வந்து, ஒன்று என்று ஒரு அளவை வைத்துக்கொண்டால் எல்லாமே வெறும் கோடுதான், எதையும் எதோடும் கூட்டலாம் என்று விலக்கைத் தூக்கினார். களிமண்ணில் ஒன்று அகலப் பட்டையை ஒட்டியவர் செய்ததும் அதுதான். போகிற போக்கில் தெரியாதவற்றுக்கு அகரவரிசையின் கடைசி எழுத்துகளை டெகார்த் ஒதுக்கினார். அன்றிலிருந்து எல்லாத் தகப்பன்களும் எக்ஸ்.

கடைசியாக நியூட்டன். கேம்பிரிட்ஜில் அவர் இயற்கணிதப் பாடம் நடத்தினார். வகுப்புக்கு ஆள் வராமல் சில நாள் சுவருக்கே பாடம் சொன்னார் என்று அவருடைய உதவியாளர் எழுதியிருக்கிறார். அந்தப் பாடங்களை 1707இல் விஸ்டன் என்பவர் அச்சிட்டார். நியூட்டனுக்கு எரிச்சல், பெயரைக்கூடப் போட விடவில்லை. அதில் இரண்டு பத்தியாக ஒரு அட்டவணை வருகிறது. இடது பக்கம் மனிதர் பேசுவது, வலது பக்கம் இயற்கணிதம் பேசுவது. ஒரு வியாபாரி இருக்கிறான்: எக்ஸ். முதல் வருடம் குடும்பச் செலவுக்கு நூறு பவுண்டு எடுக்கிறான்: எக்ஸ் – 100. மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு லாபம் சேர்கிறது: அதை நாலால் பெருக்கி மூன்றால் வகு. இரண்டாம் வருடமும் அதேபோல, மூன்றாம் வருடமும் அதேபோல. கடைசியில் சொத்து இரட்டிப்பு: சமக்குறி, 2 எக்ஸ். தீர்த்தால் 1,480 பவுண்டு.

நாலாயிரம் வருடச் சண்டையில் இதைப்போலச் சாந்தமான ஒரு பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. வாக்கியத்தை ஒவ்வொன்றாக எடு, பக்கத்தில் அதன் குறியை எழுது, நிறுத்தம் வந்த இடத்தில் நிறுத்து. ஒளிப்பதும் கிடையாது, வீராப்பும் கிடையாது. வகுப்பில் உட்கார்ந்திருந்தது சுவர் என்பதால் யாரையும் மட்டம் தட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிருக்கலாம். என்ன, வருடத்துக்கு 33 சதவீதம் லாபம் என்று எதை நம்பி எழுதினாரோ! 1720இல் இந்தப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு வந்தது. அதே 1720இல் தென்கடல் கம்பெனிப் பங்குகளில் பெரும் பணத்தை நியூட்டன் தொலைத்தார். இடது பத்தியில் ஆசை, வலது பத்தியில் எக்ஸ் – எக்ஸ்.

இவ்வளவு தெளிவாக அவர் எழுதி வைத்த பிறகு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 1980ஐ ஒட்டி அமெரிக்காவில் கிளெமென்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், சமன்பாடு எழுது. 37 சதவீதம் பேர் தப்பு. அவர்களில் பெரும்பாலோர் ஆறு பெருக்கல் மாணவர் சமம் பேராசிரியர் என்று எழுதினார்கள். வாக்கியத்தில் ஆறுக்குப் பக்கத்தில் மாணவர், ஆகவே சமன்பாட்டிலும் ஆறுக்குப் பக்கத்தில் மாணவர். நியூட்டன் சொன்னபடி இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பெயர்த்து வைத்ததன் பலன் அது. அந்தச் சமன்பாட்டின்படி ஒவ்வொரு மாணவனுக்கும் ஆறு பேராசிரியர்கள். கல்லூரிக் கட்டணத்தைப் பார்க்கும்போது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

பிரான்ஸில் கதை இன்னும் ரகளை. 1840களில் நாவலாசிரியர் ஃப்ளோபேர் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் விளையாட்டாக ஒரு கணக்கு போட்டார்: கப்பல், சரக்கு, காற்று, பயணிகள் என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் கப்பல் தலைவனின் வயது என்ன என்று கேட்டார். 1980 வாக்கில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் அதை நிஜமாகவே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டார்கள். கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. தலைவனுக்கு என்ன வயது? 97 பிள்ளைகளில் 76 பேர் கொடுத்த எண்களைக் கூட்டியோ கழித்தோ ஒரு விடை தந்தார்கள். பெரியவர்கள் அதிர்ச்சியடைந்தார்கள். எதற்கு அதிர்ச்சி? அம்மாவின் வயதிலிருந்து குழந்தை ஆணா பெண்ணா என்று கணக்குப் போட்ட பரம்பரை இது. கதையை நம்பாதே, எண்ணை மட்டும் பொறுக்கு, வாத்தியாரிடம் விடை இருக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள், சொன்னதைச் செய்தார்கள்.

அந்த வரிசையில் ரோய்ஸ்ஸர் என்ற ஆய்வாளர் கேட்ட கணக்கில் 125 ஆடுகளும் 5 நாய்களும் வந்தன; மேய்ப்பனின் வயது என்ன என்பது கேள்வி. ஒரு பிள்ளை உரக்க யோசித்தது. கூட்டினால் 130, அது ரொம்ப அதிகம். கழித்தால் 120, அதுவும் அதிகம்தான். வகுத்தால் 25. ஆடு மேய்க்கிற வயதுதான்.